மல்லர் திலகம் காமா பயில்வான்

ஆண்டுதோறும் வெளிவரும் நம் சங்கத்து விழா மலரில் புலவர் ஒருவரின் வரலாறோ, தொண்டர் ஒருவரின் வரலாறோ இடம்பெறுதல் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகி, நாவினாலும் எழுத்தினாலும் அன்றித் தோளினாலும் தொடையினாலும் உலகப் புகழ் எய்திய மல்லர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லப் புகுந்துள்ளோம். அவரே காமா பயில்வான். கிங்காங், தாராசிங் என்னும் பெயர்களை நம் தந்தையார் காலத்தவர் எவ்வாறு அறிந்திருந்தனரோ, அவ்வாறே அவர்க்கு முந்திய தலைமுறையினர் காமாவின் பெயரை அறிந்திருந்தனர். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன.

பஞ்சாபியர் ஒருவரைப் பற்றி ஆரியசாலைத் தமிழர் ஏன் அறிய வேண்டும் என்று சிலர் வினவலாம். காரணம் நம் வீடுகளிலேயே இருக்கின்றது. சில ஆண்டுகளாக நம் குடியிருப்புப் பிள்ளைகள் பலர், கல்லூரியோ வேலையோ முடிந்தபின் உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்கின்றனர். இது பாராட்டுதற்குரியதே. ஆயினும், கைப்பேசியில் காணும் உருவங்களைத் தம் உருவத்தோடு ஒப்பிட்டு ஏங்குதலும், ஆறு திங்களில் அவ்வுருவம் வாய்க்கவில்லையெனில் தம்மைத் தாமே வெறுத்தலும், புரோட்டீன் பவுடர் டப்பாக்களிலும், அதற்கும் அப்பால் மாத்திரையிலும் ஊசியிலும் பொருளை இழத்தலும் உடன் வருகின்றன. மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பத்திற்கு ஒரு டப்பாவின் விலை சிறு தொகையன்று. இத்துணை உண்டும் உழைத்தும் தம் பிள்ளை ஏன் பருக்கவில்லை என்று பெற்றோர் சிலர் நம்மிடம் கவலையோடு கேட்டதுண்டு.

எலும்பின் அமைப்பு எவ்வளவு இடங்கொடுக்குமோ அவ்வளவே தசை வளரும். அவ்வெல்லைக்குள் வளரக்கூடியதோ பெரும்பாலோர் எண்ணுவதினும் மிகுதி. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே காட்டும் வாழ்க்கை காமாவினுடையது. ஆதலின் அதனை ஈண்டு விரித்துரைப்போம்.

பிறப்பும் இளமையும்

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஷ். காசுமீரத்திலிருந்து பஞ்சாபில் குடியேறிய மல்லர் குடும்பத்தில் தோன்றியவர். அவர் பிறந்த ஆண்டு 1878 என்பது பெரும்பாலோர் கொள்கை. தந்தையார் அஜீஸ் பக்ஷும் மல்லரே. காமாவுக்கு ஆறு வயதாகும்போது தந்தையார் காலமானார். பின்னர்த் தாய்வழிப் பாட்டனாரும், அவர்க்குப் பின் மாமனாரும் சிறுவனை வளர்த்து மல்வித்தை பயிற்றினர். தந்தையை இழந்த பிள்ளைக்கு அவர்கள் வைத்த சொத்து நிலமும் அன்று, பொன்னும் அன்று. நாள்தோறும் விடியுமுன் எழுந்து பயிற்சி செய்யும் பழக்கம் ஒன்றே.

1888-ஆம் ஆண்டில், சிறுவனுக்குப் பத்து வயதாகியபோது, ஜோத்பூர் மன்னர் தேகப்பயிற்சிப் போட்டி ஒன்றினை நடத்தினார். நாட்டின் பல பகுதிகளினின்றும் நானூறுக்கு மேற்பட்ட மல்லர் அதில் கலந்துகொண்டனர். போட்டி மல்யுத்தமன்று, சோர்வின்றி எவர் நெடுநேரம் பஸ்கி எடுப்பார் என்பதே. பஸ்கியாவது நின்ற நிலையிலிருந்து குந்தி எழுதல். ஒருவர் பின் ஒருவராகப் பெரிய பெரிய மல்லரெல்லாம் விலகி வீழ, எஞ்சிய பதினைவருள் ஒருவனாக அச்சிறுவன் நின்றான். அவனது இளமையைக் கருதி மன்னர் அவனையே வென்றவனாக அறிவித்தார். அதன்பின் தத்தியா சமஸ்தானத்து மன்னர் அவனைத் தம் ஆதரவில் வைத்துப் பயிற்றுவித்தார்.

வளர்ந்தபின் காமா மேற்கொண்ட பயிற்சியைப் பற்றி நூல்கள் கூறுவன வியப்பூட்டுவன. நாள் ஒன்றுக்கு மூவாயிரம் தண்டாலும் ஐயாயிரம் பஸ்கியும் அவர் எடுத்தனர் என்றும், அரண்மனைக் கோதாவில் நாற்பது மல்லரோடு ஒருவர் பின் ஒருவராகப் பொருதனர் என்றும் எழுதியுள்ளனர். எண்ணிக்கையில் புகழ்ச்சி கலந்திருப்பினும், பயிற்சியின் முறை ஐயத்திற்கு இடமற்றது. நம் ஊர்ப்புறத்துத் தேகப்பயிற்சிச் சாலைகளில் நம் பாட்டன்மார் செய்த தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் எவையோ, அவையே காமாவின் கருவிகளும். அவர் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுத்த வட்டக் கனம் ஒன்று, 95 கிலோ எடையுள்ளது, பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தின் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டிருக்கின்றது. உணவோ பால், நெய், பாதாம், இறைச்சி ஆகியன. மருந்தென்று ஒன்றும் அதில் இல்லை. அக்காலத்தில் இருக்கவும் இயலாது.

உயரத்தால் வந்த தடை

காமாவின் உயரம் ஏறத்தாழ ஐந்தடி ஏழு அங்குலம். நம் ஊர்களில் இது நடுத்தர உயரம். மல்லர் கூட்டத்திலோ குறைந்த உயரம். பதினேழு வயதில், 1895-இல், அவர் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா என்னும் பெருமல்லரைப் போருக்கு அழைத்தார். சுல்தானிவாலா ஏழடியை நெருங்கிய நெடிய உருவினர். அந்நாளில் நாடறிந்த வீரர். இருவரும் எதிர்நின்றபோது, வயது வந்தவன் முன் சிறுவன் நிற்பது போன்றே காண்போர்க்குத் தோன்றியிருக்கும். ஆயினும், நெடுநேரம் பொருதும் எவரும் எவரையும் வீழ்த்தவில்லை. போர் சமநிலையில் முடிந்தது. அன்றே காமாவின் பெயர் வடநாடெங்கும் பரவிற்று. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுல்தானிவாலா ஒருவர் நீங்கலாக நாட்டின் பெயர்பெற்ற மல்லர் பலரையும் அவர் வென்றார்.

1910-ஆம் ஆண்டில் வங்கத்துச் செல்வர் சரத்குமார் மித்ரர் என்பாரின் உதவியால், காமாவும் அவர் தம்பி இமாம் பக்ஷும் வேறு சில மல்லரும் லண்டன் மாநகர் சென்றனர். அங்கே உலகப் பெருமல்லர் கூடியிருந்தனர். ஆயின், உயரம் போதாது என்று கூறிக் காமாவைப் போட்டியில் சேர்க்க மறுத்தனர் என்பது பரவலாக வழங்கும் செய்தி. எலும்பின் நீளத்தைக் கொண்டு ஒருவர் ஆற்றலை அளந்துவிடலாம் என்ற எண்ணம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது.

காமா மனம் உடையவில்லை. எந்த எடையினராயினும் சரி, மூன்று மல்லரை முப்பது நிமிடத்திற்குள் வீழ்த்துவதாக அவர் பொது அறைகூவல் விடுத்தார். முதலில் வீண் பேச்சென்று எண்ணினோர் பின்னர் முன்வந்தனர். அமெரிக்க மருத்துவரும் மல்லருமாகிய பெஞ்சமின் ரோலர் என்பார், காமாவினும் உயர்ந்தவர், கனத்தவர். அவரை முதல் முறை ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் காமா வீழ்த்தினார். இரண்டாம் முறையும் வென்றார். அதன்பின் 1910 செப்டம்பர் 10-ஆம் நாள், போலந்து நாட்டு ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ என்னும் புகழ்பெற்ற மல்லரோடு போர் நிகழ்ந்தது. ஸ்பிஸ்கோ எடையில் காமாவினும் ஏறத்தாழ ஐம்பது ராத்தல் மிகுந்தவர். தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா அவரைத் தரையில் வீழ்த்த, அவர் எழுந்து பொரும் எண்ணத்தையே கைவிட்டு, தம் பெருத்த உடலைத் தரையோடு தரையாக அழுத்திக் கிடந்தார். இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகியும் அவரைப் புரட்டி முதுகை மண்ணில் படச் செய்ய இயலவில்லை. போர் சமமென அறிவிக்கப்பட்டது. மறு போர் செப்டம்பர் 17-க்குக் குறிக்கப்பட்டது. அன்று ஸ்பிஸ்கோ வரவேயில்லை. பரிசும் ஜான்புல் அரைக்கச்சையும் காமாவுக்கே உரியவாயின.

இப்போரில் நாம் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஐம்பது ராத்தல் எடை வேற்றுமை ஒன்றுமில்லாததன்று. கிடந்த உடலைப் புரட்டுதற்கு அது பெருந்தடையாகவே நின்றது. பெருத்த உடலைத் தூக்க முயல்வோர்க்கு அதன் கனம் ஒரு நாளும் குறைவதில்லை. ஆயினும், வீழ்த்தியவர் சிறியவர்; கிடந்தவர் பெரியவர். உடலளவு பயன் தருவது உண்மை. உடலளவே யாவும் ஆகாது என்பதும் உண்மை.

ஒரே கோதா, இரு உருவம்

காமாவும் தம்பி இமாம் பக்ஷும் ஒரு தாய் மக்கள். ஒரே கோதாவில் பயின்றவர். ஒரே வகை உணவை உண்டவர். ஆயினும், அவர் உருவம் ஒன்றாகவில்லை. இமாம் அண்ணனினும் உயர்ந்து, நீண்டு மெலிந்த அமைப்புடையவர். காமாவோ குறுகி, அகன்று, கழுத்தும் தோளும் தொடையும் திரண்டவர். இமாமும் லண்டனில் ஜான் லெம் என்னும் சுவிஸ் நாட்டு மல்லரை எளிதில் வென்றார். அண்ணனைப் போல் ஆக வேண்டும் என்று தம்பி ஐயாயிரத்தை ஆறாயிரமாக உயர்த்திப் பஸ்கி எடுத்திருப்பினும் அவர் எலும்பு குறுகியிராது; தம்பியைப் போல் ஆக வேண்டும் என்று அண்ணன் முயன்றிருப்பினும் ஓரங்குலம் வளர்ந்திரார். இருவரும் தத்தம் உடலுக்கு இசைந்த பிடிகளைக் கற்று, இருவருமே வென்றனர்.

இதன் காரணத்தை இன்றைய உடலியல் தெளிவாகக் கூறுகின்றது. நீண்ட எலும்புகளின் முனையிலுள்ள வளர்தட்டுகள் இருபது வயதளவில் மூடிக்கொள்கின்றன. அதன்பின் உயரமும் வளராது. தோள் எலும்பின் அகலமும் மாறாது. தசையோ எலும்பின்மேல் கட்டப்படுவது. தடித்த எலும்பும் அகன்ற மூட்டும் உடையார்க்கு மிகுந்த தசையும், மெல்லிய எலும்புடையார்க்கு அதனிற் குறைந்த தசையும் தங்கும். மணிக்கட்டிலும் கணைக்காலிலும் சதை குறைவாதலின், அவற்றின் சுற்றளவே எலும்பமைப்பை அறியும் எளிய அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது.

1960-களில் அமெரிக்கப் பயிற்சி ஏடுகளில் எழுதிய ஜான் மெக்கல்லம் என்பார் வகுத்த வாய்பாடு ஒன்று இன்றும் வழங்குகின்றது. மணிக்கட்டின் சுற்றளவை ஆறரையால் பெருக்கினால், நன்கு பயின்ற ஒருவர் எய்தத்தக்க மார்பின் சுற்றளவு வரும்; அதில் நூற்றுக்கு 36 பங்கு மேற்கையின் சுற்றளவு. மணிக்கட்டு ஆறரை அங்குலம் உடையவர்க்கு மார்பு 42 அங்குலத்தையும் கை 15 அங்குலத்தையும் சற்றே கடக்கும். ஏழரை அங்குலம் உடையவர்க்கோ மார்பு ஏறத்தாழ 49, கை பதினேழரை. மணிக்கட்டில் ஓரங்குல வேற்றுமை கையில் இரண்டங்குலத்திற்கு மேற்பட்ட வேற்றுமையாக முடிகின்றது. இது பிழையற்ற விதியன்று, நடைமுறை வாய்பாடே. ஆயினும், மெலிந்த மணிக்கட்டுடைய பிள்ளை பதினெட்டங்குலக் கையை நாடி ஏங்குதல் எத்துணை வீண் என்பதை இது காட்டும்.

பிறிதோர் அளவும் உண்டு. உடலின் எடையிலிருந்து கொழுப்பின் எடையை நீக்கி, எஞ்சிய கிலோவை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இவ்வெண்ணைப் பயிற்சியாளர் பலரிடம் கணக்கிட்டனர். மருந்து தொடாதாரிடம் அது 25-ஐ ஒட்டி நின்றுவிட்டது. மருந்து கொண்டோர் பலரிடம் அதனைப் பெரிதும் கடந்து சென்றது. லண்டன் சென்ற நாளில் காமாவின் எடை ஏறத்தாழ 200 ராத்தல், அதாவது 91 கிலோவை ஒட்டியது. மல்லர் உடலாதலின் அதில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பென நாம் கொண்டு கணக்கிட்டால், விடை 25-க்கு அருகே வருகின்றது. நம் கணக்கு தோராயமானதே. ஆயினும், பத்து வயது தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் இடைவிடாது உழைத்த ஒரு பெருமல்லர், இயற்கை வகுத்த எல்லையின் அருகே சென்று நின்றார் என்பது இதனால் புலனாகின்றது.

இருப்புப்பாதைத் தொழிலில் இருக்கும் நமக்கு இதற்கோர் உவமை தோன்றுகின்றது. 1976 வரை திருவனந்தபுரத்திற்கு வந்த வண்டிகள் மீட்டர் கேஜ் பாதையில் வந்தவை. அப்பாதையின் அகலம் ஒரு மீட்டர். பிராட் கேஜின் அகலமோ ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மீட்டர் கேஜ் பாதையில் பிராட் கேஜ் எஞ்சினை ஏற்ற எவரும் முயன்றதில்லை. அதற்காக அப்பாதை பயனற்றதென்று எவரும் கூறியதுமில்லை. நம்மில் பலரது குடும்பத்தை நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சுமந்து வந்தது அச்சிறு பாதையே. பாதையைப் பெயர்த்து அகலமாக்கலாம், ஆக்கினர். மனிதன் எலும்பை அவ்வாறு பெயர்த்து இடுவதற்கில்லை.

கல்லும் கதையும்

1902-ஆம் ஆண்டில் பரோடாவில் காமா பெருங்கல் ஒன்றைத் தூக்கினர் என்பதும், அக்கல் அந்நகரக் காட்சிச்சாலையில் இருக்கின்றது என்பதும் யாவரும் அறிந்த செய்தி. அதன் எடை 1,200 கிலோ என்பர். அவரிடம் நாம் கொண்ட மதிப்பு குறையாமலே இதனை ஆராய்தல் வேண்டும். தரையிலிருந்து இரும்புக் கம்பியைப் பற்றித் தூக்குவதில், இன்றைய உலகின் பேருருவம் படைத்த வீரர்கள் எய்தியுள்ள எல்லை 500 கிலோவைச் சற்றே கடந்தது. 2016-ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக ஒருவர் முழு 500 கிலோவைத் தூக்கினார். அவர் காமாவைப் போல் இரு மடங்கு எடையுடையவர். ஆதலின் 1,200 கிலோவை ஒரு மனிதர் மார்பளவு தூக்கிச் சுமந்தனர் என்பது மனித உடலுக்கு ஒவ்வாத கூற்று. பெருங்கல்லை நெம்பிப் புரட்டுதல் வேறு. தூக்கிச் சுமத்தல் வேறு.

இதனைச் சொல்வது காமாவைக் குறைப்பதற்கன்று. இத்தகைய கதைகள் இளைஞர்க்குத் தீங்கு செய்கின்றன என்பதற்காகவே சொல்கின்றோம். எல்லையே இல்லாத வலிமை உண்டென்று நம்பும் பிள்ளை, தனக்கு எல்லை எதிர்ப்படும்போது தன் முயற்சியிலோ உணவிலோ குறையுண்டென்று எண்ணி, கடைக்காரர் நீட்டும் எதனையும் வாங்கத் துணிகின்றான். கதையின்றியே காமா பெரியவர்.

ஐம்பதை நெருங்கியபோது

லண்டனிலிருந்து திரும்பியபின் அலகாபாத்தில் சுல்தானிவாலாவை மீண்டும் எதிர்கொண்டு காமா வென்றார். இளமையில் வீழ்த்த இயலாத நெடிய மல்லரை அவர் வீழ்த்தினார். ருஸ்தமே ஹிந்த் என்னும் பட்டம் அவரை அடைந்தது. எதிர்க்க ஆளில்லாத நிலையில் ஆண்டுகள் பல கழிந்தன.

1928 சனவரியில், பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் முன்னிலையில், பெருந்திரளான மக்கள் காண, அதே ஸ்பிஸ்கோவோடு மறு போர் நிகழ்ந்தது. இருவர்க்கும் வயது ஐம்பதை ஒட்டியது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டரை மணி நேரம் நீண்ட போர், இம்முறை ஒரு நிமிடம் முடியுமுன் முடிந்தது. ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணில் பட்டது. மறு ஆண்டில் பீட்டர்சன் என்னும் மல்லரையும் காமா விரைவில் வென்றார்.

ஐம்பது வயதில் இவ்வாற்றல் எவ்வாறு நின்றது? ஆறு திங்களில் வந்த உடல் ஆறு திங்களில் போகும். நாற்பது ஆண்டுகளில் வந்த உடல் எளிதில் போகாது. தசை நார்கள் உழைப்பினால் சற்றே சிதைந்து, உணவாலும் உறக்கத்தாலும் செப்பமடைந்து, முன்னினும் தடிக்கின்றன. இவ்வேலை மெல்லவே நடப்பது. பயிற்சி தொடங்கிய முதல் ஆண்டில் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்; அதன்பின் ஆண்டுக்காண்டு குறைந்து, எல்லையை நெருங்க நெருங்க எறும்பு ஊர்வது போல் ஆகும். இதனை அறியாதோர் இரண்டாம் ஆண்டிலேயே மனந்தளர்ந்து மருந்தை நாடுகின்றனர்.

அம்மருந்தின் வரலாற்றையும் இங்குக் குறித்தல் தகும். ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கியது 1935-இல். அதனை ஒட்டிய ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1958-இல். காமா உலகை வென்ற 1910-இலும் 1928-இலும் அப்பொருளே உலகில் இல்லை. ஆதலின் அவர் உடல் இயற்கையில் விளைந்தது என்பதற்குச் சான்று தேடவேண்டுவதில்லை. ஆண்டுக் கணக்கே சான்று. ஒலிம்பிக் குழுவினர் இம்மருந்துகளைத் தடை செய்தது 1975-இல். இதயம், கல்லீரல் ஆகியவற்றுக்குக் கேடும், சொந்தச் சுரப்பு அடங்கி மகப்பேறு இன்மையும் இவற்றால் விளையக்கூடும் என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். மணம் முடிக்கும் வயதிலுள்ள பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இறுதி நாட்கள்

1947-இல் நாடு பிரிந்தபோது காமா லாகூரில் வாழ்ந்தார். கலவரத்தீ மூண்ட அந்நாளில், தம் தெருவில் குடியிருந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கும்பலின் முன் அவரும் அவருடைய மல்லரும் நின்று தடுத்தனர் என்பது வரலாறு. அண்டை வீட்டாரைப் பாதுகாப்பாக அனுப்பி வைத்தார். வேற்று மொழி பேசும் ஊரில் அண்டை வீட்டாரை நம்பியே வாழும் நம்மனோர்க்கு இச்செயலின் அருமை எளிதில் விளங்கும். அன்று அவர்க்கு அகவை எழுபதை ஒட்டியது. கைச்சுற்றளவை எவரும் அளந்து பார்த்திரார்.

முதுமையில் நோயும் வறுமையும் அவரை வாட்டின. மன்னர்கள் போயினர், ஆதரித்த கோதாக்கள் போயின. இதயநோயும் மூச்சிரைப்பும் சேர்ந்தன. அவர் நிலை கேட்ட இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா, எல்லை கடந்தும் பொருளுதவி செய்தார். 1960 மே 23-ஆம் நாள் லாகூரில் காமா இயற்கை எய்தினார். பெரும் போர்களுள் எதிலும் அவர் தோற்றதில்லை என்பர்.

நம் பிள்ளைகளுக்கு

காமாவைப் போன்ற எலும்பமைப்பு கோடியில் ஒருவர்க்கு வாய்ப்பது. ஆயின், சிற்றுருவம் படைத்தோரும் உலக மேடை ஏறியுள்ளனர். வங்கத்து மனோகர் ஐச் உயரம் ஐந்தடிக்கும் ஓரங்குலம் குறைவு. அவர் 1952-இல் தம் உயரப் பிரிவில் உலக ஆணழகர் பட்டம் பெற்று, நூறு வயது கடந்து வாழ்ந்து, 2016-இல் காலமானார். அதே 1952-இல் மராட்டிய மாநிலத்துச் சிற்றூரில் பிறந்த கே. டி. ஜாதவ், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 57 கிலோ எடைப் பிரிவில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனியொருவர் ஈட்டிய முதல் பதக்கம் அது. உயரப் பிரிவும் எடைப் பிரிவும் வகுத்ததன் வாயிலாக, எலும்பமைப்புக்கு எல்லை உண்டென்பதை உலகமே ஒப்புக்கொண்டுள்ளது. காமாவுக்கு அடைக்கப்பட்ட கதவு அவ்வாறு பின்னாளில் திறந்தது.

தொலைவில் தேட வேண்டுவதில்லை. நம் சாலைக் கம்போளத்தில் அரிசி மூட்டை சுமக்கும் தொழிலாளரைக் காண்மின். அவருள் பலர் மெலிந்த மேனியர். பதினைந்தங்குலக் கை உடையவர் சிலரே. ஆயினும், புதிதாகப் பருத்த கை ஒன்று அம்மூட்டையை நாள் முழுதும் சுமக்க வல்லதோ என்பது ஐயமே.

உணவைப் பற்றியும் ஒரு சொல். தசை வளர விரும்புவோர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 1.6 கிராம் அளவு புரதம் போதும் என்று ஆய்வுகள் கூறுகின்றன. அறுபது கிலோ பிள்ளைக்கு இது 96 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராமும், கால் லிட்டர்ப் பாலில் 8 கிராமும், நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும், நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராமும் உண்டு. பருப்பும் சுண்டலும் தயிரும் நம் அடுக்களையில் என்றும் உள்ளவை. டப்பாவில் வருவதும் பெரும்பாலும் பாலின் புரதமே. நஞ்சன்று, அமுதமும் அன்று. வீட்டுணவால் நிரம்பாத குறையை நிரப்ப வேண்டுமாயின் வாங்குக. எலும்பை அகலமாக்கும் டப்பா எக்கடையிலும் இல்லை.

பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. பிள்ளையின் மணிக்கட்டு பெரும்பாலும் தந்தையினுடையதோ தாய்மாமனுடையதோ ஆகும், அவன் குற்றமன்று. ஆதலின் எத்தனை அங்குலம் வளர்ந்தாய் என்று கேளாது, எத்தனை தண்டால் எடுத்தாய், எத்தனை மணி உறங்கினாய் என்று கேட்பீராக. சென்ற திங்கள் இருபது எடுத்தவன் இத்திங்கள் முப்பது எடுத்தால், அதுவே வளர்ச்சி. பெண்மக்களுக்கும் இது பொருந்தும். அவர் எலும்பு முதுமையில் தேயாதிருக்க இளமைப் பயிற்சி பெரிதும் உதவும்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழா விளையாட்டுப் போட்டிகளில் தண்டாலும் பஸ்கியும் சேர்க்கப்படுதல் வேண்டும். போட்டியாளரை எடைவாரியாகப் பிரித்து, ஒவ்வொருவர் எண்ணிக்கையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டில் தம் பழைய எண்ணைத் தாமே மிகுதியாக வென்றவர் எவரோ, அவர்க்கே முதற் பரிசு அளிக்கலாம். குறிப்பேட்டையும் எடைக்கருவியையும் தந்துதவ நாம் சித்தமாயிருக்கின்றோம்.